ஊரடங்கில் உலகமே நின்றதே, அந்தக் கோடு ஏன் வளையவில்லை?

#1 ஏரிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். போன வாரத்திலிருந்து மனதை விட்டுப் போகாத ஒரு கேள்வி.

எங்கள் வீடு ஜிஎஸ்டி சாலையிலிருந்து அரை கிலோமீட்டர். பிறந்ததிலிருந்து லாரிச் சத்தம் இல்லாத இரவே எனக்குத் தெரியாது. 2020 ஏப்ரலில் மொட்டை மாடியில் படுத்தால் ஏரியில் நீர்க்கோழி கத்துவது கேட்டது. உலகம் முழுக்க இப்படி நின்றிருக்கிறதே, காற்றில் கார்பன் டை ஆக்சைடு கட்டாயம் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

போன வாரம் மகளின் ப்ராஜெக்டுக்காக ஹவாய் தீவில் உள்ள மவுனா லோவா நிலையத்தின் வரைபடத்தை எடுத்தோம். 1958 மார்ச்சில் சார்லஸ் டேவிட் கீலிங் அங்கே அளக்கத் தொடங்கியபோது 313 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 313 பங்கு. 2019 சராசரி 411-ஐத் தாண்டிவிட்டது. 2020-ல் 414. 2024-ல் 424. கோட்டின் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனோம். 2020 எது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி ஏறிக்கொண்டே போகிறது.

மகள் கேட்டாள்: "நாம எல்லாரும் வீட்டுலயே அடைஞ்சு கிடந்தும் இது அசையலன்னா, இனிமே என்ன செஞ்சு என்னப்பா ஆகப்போகுது?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நெய்தல்

ஏரிக்கரை அண்ணா, நான் கோவாவில் கடல் வேதியியல் ஆய்வு மாணவி. உங்கள் மகளின் கேள்விக்குக் கணக்காகவே பதில் போட்டுவிடலாம்.

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் எல்லாம் சேர்த்து உலகம் ஆண்டுக்கு வெளிவிடுவது சுமார் 3,700 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு. 2020 ஏப்ரல் தொடக்கத்தில், ஊரடங்கின் உச்சத்தில், ஒரு நாளைய அளவு முந்தைய ஆண்டைவிட 17 சதவீதம் வரை இறங்கியது. ஆனால் அது சில வாரம்தான். மின்நிலையங்கள் ஓடின, உலைகள் எரிந்தன, வீடுகளில் அடுப்பு எரிந்தது. ஆண்டு முழுவதற்கும் பார்த்தால் குறைந்தது 5 சதவீதத்தை ஒட்டித்தான். கிட்டத்தட்ட 200 கோடி டன்.

காற்றில் ஒரு பிபிஎம் ஏறுவதற்கு 780 கோடி டன் வேண்டும். நாம் விடுவதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் காற்றில் தங்கும், மிச்சத்தைக் காடும் மண்ணும் கடலும் இழுத்துக்கொள்ளும். ஆக 200 கோடி குறைந்தால் காற்றில் தெரிய வேண்டியது 100 கோடி டன், அதாவது 0.13 பிபிஎம். இரண்டரை ஏற வேண்டிய இடத்தில் 2.4 ஏறும், அவ்வளவுதான்.

பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டு என்றால் வெப்பமண்டலக் காடுகள் வறண்டு, அந்த ஏற்றமே ஒரு பிபிஎம் வரை கூடிவிடும். 1991-ல் பிலிப்பைன்ஸில் பினட்டுபோ எரிமலை வெடித்தது. அது வானில் தூவிய துகள்களால் பூமி கொஞ்சம் குளிர்ந்தது, செடிகொடிகளுக்குச் சிதறிய வெளிச்சம் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஏற்றம் ஒரு பிபிஎம்முக்கும் கீழே போய்விட்டது. இத்தனை பெரிய ஆட்டத்துக்குள் 0.13 எப்படிக் கண்ணில் படும்?

அப்புறம், அந்த ரம்பப் பல் வடபாதி உலகத்தின் மூச்சு. அங்கே இலை துளிர்க்கும் மாதங்களில் காற்றிலிருந்து இழுக்கிறது, இலையுதிர்ந்து மட்கும்போது திரும்ப விடுகிறது. மே மாதம் உச்சம், செப்டம்பர் கடைசியில் தாழ்வு. மகளுக்கு அதையும் காட்டுங்கள்.

#3 ஏரிக்கரை

ரொம்ப நன்றிம்மா. நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது தாத்தா ஞாபகம் வந்தது. அவர் எங்கள் ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுபவராக, இருந்தவர். மதகு ஓரத்து அளவுக்கல்லைப் பார்த்துத்தான் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று முடிவு செய்வார். மழைக்காலத்தில் வரத்துக் கால்வாயில் தண்ணீர் கொஞ்சம் சுருங்கினால் நாங்கள் "ஏரி இறங்கிடுமா தாத்தா" என்று கேட்போம். "வர்றது கொறஞ்சிருக்கு, நிக்கலையேடா. ஏறுறது மெதுவா ஏறும், எறங்காது" என்பார்.

நான் இத்தனை நாள் அளவுக்கல்லைப் பார்த்துக்கொண்டு அதை வரத்து என்று நினைத்திருக்கிறேன். மவுனா லோவா காட்டுவது ஏரியின் மட்டம். நாம் குறைத்தது வரத்தில் இருபதில் ஒரு பங்கு. இப்படிப் புரிந்துகொண்டது சரிதானா?

#4 நெய்தல்

ரொம்பச் சரி. உங்கள் தாத்தாவின் ஏரியை வைத்தே மேலே போகலாம், ஏனென்றால் இன்னும் இரண்டு விஷயம் அதில் அப்படியே பொருந்துகிறது.

ஏரி நிறைய நிறைய மதகில் தண்ணீர் வேகமாகப் பாயும் அல்லவா? இங்கேயும் அதே கதை. இரண்டு மதகு இருக்கிறது. நிலத்து மதகு, நாம் விடுவதில் சுமார் 30 சதவீதம் கொண்டுபோகிறது. கடல் மதகு சுமார் 25 சதவீதம். 1960 வாக்கில் எரிபொருளிலிருந்து வந்தது ஆண்டுக்கு 900 கோடி டன்னை ஒட்டி. இன்று நான்கு மடங்கு. இருந்தும் காற்றில் தங்கும் பங்கு பாதியை ஒட்டியே நிற்கிறது. மட்டம் ஏற ஏற மதகுகளும் அதிகம் இழுத்துக்கொண்டே வந்திருக்கின்றன. அவை மட்டும் இல்லையென்றால் இன்றைய சூட்டை நினைத்துப் பார்க்கவே முடியாது.

இரண்டாவது, மதகு திறந்திருந்தாலும் கீழே வயல் நிரம்பிவிட்டால் தண்ணீர் எதிர்த்து நிற்கும். கடலின் மேற்பரப்பு அந்த வயல். அதிலுள்ள கார்பனேட் அயனிதான் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து வைக்கிறது. பிடிக்கப் பிடிக்க அது தீர்ந்துகொண்டே வருகிறது. ஆழ்கடலில் இடம் ஏராளம், ஆனால் மேல் நீரும் அடி நீரும் முழுக்கக் கலந்து முடிய ஆயிரம் ஆண்டு போல ஆகும். தண்ணீர் சூடானாலும் வாயு குறைவாகவே கரையும். வெயிலில் வைத்த கோலி சோடாவை உடைத்தால் எப்படிப் பொங்குகிறது என்று பார்த்திருப்பீர்கள்.

நிலத்து மதகைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. தென்கிழக்கு அமேசானில் காடு அழிந்தும் எரிந்தும், அந்தப் பகுதி இழுப்பதைவிட அதிகமாக வெளிவிடுகிறது என்று விமானத்தில் பறந்து அளந்தவர்கள் 2021-ல் காட்டினார்கள். மதகு வரத்துக் காலாக மாறுவது போன்ற விஷயம் இது.

#5 நடுநிலை

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்கு நிஜமாகவே சந்தேகம். மனிதன் விடுவது கார்பன் கணக்கில் (ஆக்சிஜன் எடையைச் சேர்க்காமல்) ஆண்டுக்கு 1,000 கோடி டன் என்கிறார்கள். செடிகளும் மண்ணும் கடலும் காற்றோடு கொடுத்து வாங்குவது 20,000 கோடி டன்னுக்கும் மேல். இருபதில் ஒரு பங்குகூட இல்லாத நம்மால் எப்படி இது ஏறும்? எரிமலைகள் வேறு இருக்கின்றன. பனியுகம் வந்து போனபோதெல்லாம் நம் ஆட்களா எரித்தார்கள்? இயற்கையே ஏற்றி இறக்கும் ஒன்றுக்கு நாம் ஏன் இவ்வளவு பதற வேண்டும்?

#6 வகுப்பறை

நடுநிலை சார், நான் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். இதே கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் வரும், வர வேண்டும்.

முதலில் அந்த 20,000 கோடி. அது ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும் கணக்கு. சம்பளம் லட்சம், செலவும் லட்சம் என்றால் இருப்பு மாறாது. அதில் மாதம் 5,000 கூடுதலாக வந்து விழுந்தால், வரவில் அது சின்னத் தொகைதான் என்றாலும் இருப்பு ஏறிக்கொண்டேதான் போகும். எரிமலைகள் ஆண்டுக்கு விடுவது நாம் விடுவதில் ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டாது.

இரண்டாவது, வந்து விழுந்தது யாருடையது என்று கைரேகை இருக்கிறது. உயிருள்ள எதிலும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கொஞ்சம் இருக்கும். 5,730 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகும். நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டு பழையது, அதில் கார்பன்-14 துளியும் மிச்சமில்லை. காற்றிலுள்ள கார்பனில் இந்தப் பங்கு நீர்த்துப்போவதை ஹான்ஸ் சூஸ் 1950-களிலேயே கண்டுபிடித்துவிட்டார். கூடவே காற்றில் ஆக்சிஜனும் மிகச் சிறிய அளவில் குறைந்து வருகிறது, எதையோ எரித்தால்தான் அது நடக்கும். கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் அளந்து காட்டியது அது. கடலிலிருந்து வாயு வெளியேறித்தான் காற்றில் ஏறியது என்றால் கடலில் கார்பன் குறைந்திருக்க வேண்டும். அங்கேயும் கூடியிருக்கிறது.

பனியுகம் பற்றி: அண்டார்டிகா பனியில் சிக்கிய காற்றுக்குமிழ்கள் 8 லட்சம் ஆண்டுக் கணக்கு வைத்திருக்கின்றன. அத்தனை ஏற்ற இறக்கத்திலும் 170-லிருந்து 300 பிபிஎம்முக்குள்தான். அந்த ஏற்றங்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு ஆனது. 280-லிருந்து 420-க்கு மேல் நாம் போக இரண்டு நூற்றாண்டு சொச்சம்.

நெய்தல் சொன்ன கடல் கதைக்கு வகுப்பில் ஒன்று செய்து காட்டுவேன். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து ஒரு ராத்திரி விட்டால் மேலே தெளிந்த நீர் நிற்கும். அதில் ஒரு பிள்ளையை ஸ்ட்ரா வைத்து ஊதச் சொல்வேன். பால் மாதிரி வெளுக்கும். எல்லாப் பள்ளியிலும் சோதனை இந்த இடத்தில் முடிந்துவிடும். நான் நிறுத்த விடுவதில்லை, ஊதிக்கொண்டே இரு என்பேன். கன்னம் வலிக்க ஊதினால் மெல்ல மெல்ல வெளுப்பு கரைந்து தண்ணீர் மறுபடி தெளியும். வெளுத்தது கால்சியம் கார்பனேட், கிளிஞ்சல் எதனால் ஆனதோ அதே பொருள். தெளிந்ததென்றால் அந்தக் கிளிஞ்சல் கரைந்துபோயிற்று என்று அர்த்தம். முதல் தடவை பார்க்கும் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். கடல் இன்னும் காரத்தன்மையோடுதான் இருக்கிறது, ஆனால் தொழிற்புரட்சிக்கு முன் 8.2 ஆக இருந்த மேற்பரப்பின் பிஎச் (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும் அளவு) இன்று 8.1-க்கும் கீழே. எண்ணில் சின்னது, ஆனால் ஹைட்ரஜன் அயனி 30 சதவீதம் போலக் கூடியிருக்கிறது. ஓடு கட்டும் சின்ன உயிர்களுக்கு அது பெரிய பாரம்.

#7 பாய்லர்ஷிஃப்ட்

இழையை முழுதும் படித்தேன். நான் லிக்னைட் அனல்மின் நிலையத்தில் 19 ஆண்டாக பாய்லர் பக்கம் வேலை செய்கிறவன். எங்கள் நிலையத்தில் ஒரு யூனிட் கரண்ட் எடுத்தால் புகைபோக்கியில் ஒரு கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு போகும். நாட்டின் எல்லா மின்சாரத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 700 கிராம் போல. என் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 400 யூனிட். அதாவது 280 கிலோ. ஐம்பது கிலோ மூட்டை ஆறின் எடைக்குச் சற்றுக் குறைவு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் தலைக்கு ஆண்டுக்கு 2 டன்தான். உலகச் சராசரி 4.7. அமெரிக்காவில் 14 டன் போல. இதுவரை காற்றில் ஏறிய எரிபொருள் கார்பனில் நான்கில் ஒரு பங்கு அவர்கள் ஒரு நாட்டுடையது. ஏரியை நிரப்பியவர்கள் வேறு. கரை உடையும் என்றதும் மதகடி வயல்காரனைப் பார்த்து "நீ நிறுத்து" என்றால் அவன் எப்படிக் கேட்பான்? எங்கள் வேலையால்தான் இந்த மாநிலத்தில் பல வீட்டில் ராத்திரி விசிறி சுற்றியது. சாயங்காலம் ஏழு மணிக்கு சோலார் இறங்கி, ஊரெல்லாம் லைட் போடும்போது எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். என் பையன் டிப்ளமோ முடித்துவிட்டு இதே வேலைக்கு வரப் பார்க்கிறான். அவனிடம் நான் என்ன சொல்ல?

#8 வடகடல்

பாய்லர்ஷிஃப்ட் தம்பி, உங்கட கேள்விதான் இந்த இழையில் மிகப் பாரமானது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து 30 வருடமாக ஒஸ்லோவில் இருக்கிறேன். நோர்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது பங்களவு மின்சாரக் கார். தெருவில் நிற்கப் பெருமையாக இருக்கும். அதே நாடு வடகடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுத்து விற்றுத்தான் இந்த வசதியைக் கட்டியது, இன்றைக்கும் விற்கிறது. எங்கட கார் விடாத புகையை வேறு ஊரில் யாரோ விடுகிறார்கள். நீங்கள் சொன்ன நியாயம் எனக்கு ஒவ்வொரு நாளும் தெரிகிற நியாயம்.

"பிறகு உறிஞ்சி எடுக்கலாம்" என்று சொல்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. வடகடலில் ஸ்லெய்ப்னர் என்ற இடத்தில், எரிவாயுவோடு வரும் கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து 1996-லிருந்து கடலடிப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். வருடத்துக்குப் பத்து லட்சம் டன் வரை. நல்ல வேலைதான். ஆனால் உலகம் அந்தளவை 14 நிமிடத்தில் விட்டுவிடும். 2021-ல் ஐஸ்லாந்தில் திறந்த ஓர்கா ஆலை காற்றிலிருந்தே நேரடியாக எடுக்கிறது. வருடத்துக்கு 4,000 டன் எடுக்க வடிவமைத்தது. அது உலகத்தின் மூன்றரை விநாடி. சிமென்ட் மாதிரி விடாமல் இருக்கவே முடியாத கடைசிப் பங்குக்கு இந்த நுட்பம் வேண்டும், நான் மறுக்கவில்லை. அதைக் காட்டி இன்றைக்கு எரிப்பதைத் தொடர்ந்தால் அது பிள்ளைகளின் பெயரில் வாங்கும் கடன்.

உங்கட மகனுக்கு ஒன்று சொல்லுங்கோ. உலகத்தின் முதல் பொது நிலக்கரி மின்நிலையம் 1882-ல் லண்டனில் தொடங்கியது. 2012-ல்கூட பிரிட்டன் மின்சாரத்தில் பத்தில் நான்கு பங்கு நிலக்கரி. 2024 செப்டம்பர் 30-ம் திகதி கடைசி நிலையத்தை மூடினார்கள். பன்னிரண்டே வருடம். அவர் டிப்ளமோவை பாய்லருக்கு மட்டும் வைக்காமல் பேட்டரி, கிரிட் பக்கமும் திருப்பட்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு ஆள் தேவைப்படும் என்பது மாறாது.

#9 நடுநிலை

டீச்சர், சுண்ணாம்புத் தண்ணீரை நேற்று வீட்டில் செய்தேன். வெளுத்தது, பத்து நிமிடம் ஊதியபின் நிஜமாகவே தெளிந்தது. கைரேகை விஷயமும் எனக்குப் புதிது. இயற்கையே ஏற்றியது என்று நான் சொன்னதை விட்டுவிடுகிறேன்.

ஆனால் இன்னொன்று கேட்டிருக்கிறேன். இன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்தினாலும் ஏற்கெனவே விட்டது போதும், இன்னும் பல பத்தாண்டு சூடேறிக்கொண்டேதான் இருக்கும் என்கிறார்கள். அப்படியானால் ஏரிக்கரை மகள் கேட்டதுதானே சரி?

#10 நெய்தல்

இதற்காகவே தூங்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன், ஏனென்றால் படித்தவர்களே அதிகம் குழம்பும் இடம் இது.

"மட்டத்தை இப்போதுள்ள இடத்தில் நிறுத்தினால்" என்பதும் "வரத்தை நிறுத்தினால்" என்பதும் இரண்டு வேறு விஷயம். காற்றில் 425 பிபிஎம் அப்படியே நின்றால், நீங்கள் சொன்னது உண்மை, கடல் மெதுவாகச் சூடேறி முடியும்வரை வெப்பம் கூடிக்கொண்டே போகும். ஆனால் மட்டம் அப்படியே நிற்க வேண்டுமென்றால் நாம் தொடர்ந்து விட்டுக்கொண்டிருக்க வேண்டும், மதகுகள் திறந்தே கிடக்கின்றனவே!

வெளியேற்றத்தைச் சட்டென்று பாதியாக்கினால் மதகுகள் இழுப்பதும் நாம் விடுவதும் ஏறக்குறையச் சமமாகி, மவுனா லோவா கோடு படுத்துவிடும். அது கொஞ்ச காலம்தான். மட்டம் ஏறாமல் நின்றால் மதகின் வேகமும் தளரும், ஆகவே மேலும் குறைக்க வேண்டும். நிகரப் பூஜ்யத்துக்கு, அதாவது நாம் விடுவதும் நாமே திரும்ப எடுப்பதும் சமமாகும் நிலைக்கு, வந்தால் மட்டம் மெல்ல இறங்கத் தொடங்கும். கடல் இன்னும் சூடேறப் பார்க்கும், காற்றிலோ வெப்பத்தைப் பிடித்து வைக்கும் கார்பன் டை ஆக்சைடு போர்வை மெலிந்துகொண்டே வரும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. கார்பன் டை ஆக்சைடைப் பொறுத்தவரை நாம் நிறுத்திய சில ஆண்டுகளில் பூமியின் சராசரி வெப்பம் ஏறுவதும் ஏறக்குறைய நின்றுவிடும் என்றுதான் கணினி மாதிரிகள் காட்டுகின்றன.

ஏறிய வெப்பம் இறங்காது, அதையும் மறைக்கக் கூடாது. விட்டதில் ஒரு பங்கு ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் காற்றில் இருக்கும். பாறை கரைந்து முழுக்கச் சரிசெய்ய லட்சம் ஆண்டுக் கணக்கு. கடல் மட்டம் நூற்றாண்டுகளுக்கு ஏறும்.

அதனால்தான் மொத்தக் கணக்கு முக்கியம். ஒவ்வொரு லட்சம் கோடி டன்னுக்கும் பூமியின் வெப்பம் சுமார் 0.45 பாகை செல்சியஸ் கூடும். 1850-லிருந்து 2019 வரை விட்டது 2,40,000 கோடி டன்னை ஒட்டி. பெருக்கிப் பாருங்கள், 1.1 பாகை வரும், தெர்மாமீட்டர் காட்டியதும் அதுதான். பாரிஸ் ஒப்பந்தம் இலக்காக வைத்த 1.5 பாகையில் நிற்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டுமானால் 2020 தொடக்கத்தில் மிச்சம் இருந்தது 50,000 கோடி. காடழிப்பையும் சேர்த்து ஆண்டுக்கு 4,000 கோடி போல எடுத்துக்கொண்டிருக்கிறோம். அந்த எல்லையில் நிற்பது இனி மிகக் கடினம். ஆனால் 1.6-ல் நிற்பதற்கும் 1.9-ல் நிற்பதற்கும் நடுவே எத்தனை பேரின் அறுவடை, எத்தனை பவளப்பாறை! 2015-ல் அந்த ஒப்பந்தத்தின்போது நூற்றாண்டு முடிவுக்கு 3 பாகைக்கு மேல் போகிற பாதையில் இருந்தோம். இப்போதுள்ள கொள்கைகளின்படி 3-க்குச் சற்றுக் கீழே. போதவே போதாது. இருந்தாலும் அந்த வித்தியாசம் வந்தது மனிதர்கள் வேலை செய்ததால்தான்.

2004-ல் பிரின்ஸ்டனைச் சேர்ந்த பகாலா, சாக்கலோ இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். வெளியேற்றத்தை ஐம்பது ஆண்டு ஏறாமல் வைத்திருக்க ஏழு பெரிய வேலைகள் போதும், எல்லாவற்றுக்கும் நுட்பம் கையில் இருக்கிறது என்று. அப்போது கார்பன் கணக்கில் ஆண்டுக்கு 700 கோடி டன். இன்று 1,000 கோடி. அன்றைக்கே தொடங்கியிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

#11 ஏரிக்கரை

நெய்தல் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை நிறுத்தச் சொல்லிக் கேட்டாள்.

எனக்கு நான்கு ஏக்கர் நெல். வயலில் தண்ணீர் கட்டியே வைத்தால் சேற்றிலிருந்து மீத்தேன் வருகிறது, அதுவும் பூமியைச் சூடாக்கும் வாயு, ஆனால் காற்றில் பன்னிரண்டு ஆண்டு போலத்தான் தங்கும், குறைத்தால் பலன் சீக்கிரமே தெரியும் என்று வேறோர் இழையில் படித்தேன். இந்தக் குறுவைக்கு இரண்டு ஏக்கரில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டேன். மண் மயிர்க்கோடு போல வெடித்ததும் அடுத்த தண்ணீர். மோட்டார் ஓடியதும் குறைவு.

அப்புறம் ப்ராஜெக்ட் சார்ட்டை அவளாகவே மாற்றிவிட்டாள். மேலே மவுனா லோவா கோடு. அதன் கீழே, அதே ஆண்டுகளுக்கு, உலகம் ஒவ்வோர் ஆண்டும் வெளிவிட்ட அளவு. மேல் கோட்டுக்கு "மட்டம்", கீழ் கோட்டுக்கு "வரத்து" என்று பெயர் வைத்திருக்கிறாள். கீழ் கோட்டில் 2020 நன்றாகத் தெரிகிறது, ஒரு பள்ளம். அதைச் சிவப்பு ஸ்கெட்ச்சில் வட்டம் போட்டிருக்கிறாள்.

#12 வகுப்பறை

ஏரிக்கரை சார், அந்தச் சார்ட்டைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? சுண்ணாம்புத் தண்ணீர் சோதனைக்குப் பக்கத்தில் மாட்டி வைக்கிறேன்.

#13 ஏரிக்கரை

நாளை அனுப்புகிறேன் டீச்சர். 2050 வரைக்கும் தாளில் இடம் விட்டு இன்னொரு சார்ட் ஒட்ட வேண்டும் என்கிறாள், பசை வாங்கி வரப் போகிறேன்.